ஸ்டார்செக்டர்: ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு தேவை

சோதனைப் படை புறப்பட்டுவிட்டது என்ற தகவல் திரையின் ஓரத்தில் வந்தபோது, நான் என் காலனியிலிருந்து வெகுதூரம் தள்ளி, கைவிடப்பட்ட ஒரு பழைய நிலையத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். அனுப்பியது இந்தக் கேமின் இராணுவ வல்லரசான ஹெஜிமனி. என் காலனியின் சுரங்கத்திலும் ஆலையிலும் நான் பொருத்தி வைத்திருந்த ஏஐ கோர்களை, அதாவது மனிதருக்குப் பதிலாக வேலையை நடத்தும் செயற்கை மூளைகளை, பறிமுதல் செய்ய வருகிறார்கள். எனக்கு மூன்று வழிகள் இருந்தன. கேட்டதைக் கொடுத்துவிடலாம், லஞ்சம் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம், இல்லை எதிர்த்து நிற்கலாம். கேமை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். கோர்களைக் கொடுத்தால் மாத வருமானம் எவ்வளவு குறையும், எதிர்த்தால் யார் யார் என்னோடு வியாபாரத்தை நிறுத்துவார்கள், எரிபொருளை அப்புறம் எங்கே வாங்குவது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அன்று மாலை முழுக்க அதிலேயே போனது.

விண்வெளி கேம்களை இருபது வருடத்துக்கு மேலாக ஆடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை 'உங்கள் தேர்வுகள் இந்த உலகத்தை மாற்றும்' என்று சொல்லித்தான் விற்கப்பட்டன. தேர்வு செய்வதற்கு முன் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தவை மிகச் சில. ஸ்டார்செக்டர் அவற்றில் முதல் இடத்தில் இருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். இதில் வரும் ஒவ்வொரு தரப்புக்கும் சொந்தமாக ஒரு தேவை இருக்கிறது. நாம் செய்யும் காரியம் அந்தத் தேவையில் போய் இடிக்கும்போதுதான் அவர்கள் நம்மை நோக்கி வருகிறார்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றைச் சரியாகச் செய்யும் கேம்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. ஃப்ராக்டல் சாஃப்ட்வொர்க்ஸ் என்ற சின்ன குழு செய்யும் கேம் இது. 2011 முதல், அப்போது ஸ்டார்ஃபேரர் என்ற பெயரில், முடிவடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. இன்னும் 1.0 பதிப்பை எட்டவில்லை. மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் காட்சி. கதை நடப்பது பெர்சீயன் செக்டரில். மனிதக் குலத்தின் மற்ற பகுதிகளோடு இந்த இடத்தை இணைத்திருந்த கேட்டுகள் என்ற விண்வெளி வாசல்கள் எல்லாம் ஒரு நாள் செத்துப்போயின. அதற்கு 206 சுழற்சிகள் (கேமின் ஆண்டுக்கணக்கு) கழித்து, ஒன்றிரண்டு சின்னக் கப்பல்களோடு நீங்கள் வந்து சேர்கிறீர்கள். வியாபாரம் செய்யலாம், கடத்தலாம், வேட்டையாடலாம், தேடிப்போய்க் கண்டெடுக்கலாம், கடைசியில் சொந்தமாக ஒரு கோளில் ஆயிரம் பேரைக் குடியேற்றலாம்.

பழைய இராணுவ ஒழுங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெஜிமனி, ஏஐ ஆராய்ச்சியை விடாத ட்ரை-டாக்கியான் நிறுவனம், ஹெஜிமனிக்கு எதிராகச் சேர்ந்த பெர்சீயன் லீக், பிலிப் அண்ட்ராடா என்ற சர்வாதிகாரியின் சிந்திரியன் டிக்டாட், இயந்திரங்களைச் சந்தேகிக்கும் லட்டிக் சர்ச், அதிலிருந்து பிரிந்து குண்டு வைக்கும் லட்டிக் பாத், இவர்களுக்கு இடையே கொள்ளையர்கள். ஒவ்வொருவரோடும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்பது -100 முதல் +100 வரை ஓர் எண்ணாக இருக்கும். -50க்குக் கீழே போனால் கண்ட இடத்தில் சுடுவார்கள்.

எண்ணைப் பார்த்ததும் இது மற்ற கேம்களைப் போலத்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். எண் எல்லாக் கேமிலும் உண்டு. ஆனால் இங்கே அந்த எண் இறங்கும்போது கூடவே எது எல்லாம் நின்றுபோகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

என் முதல் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிப்படையான சந்தையில் 30 சதவீதம் வரி. கறுப்புச் சந்தையில் வரியே இல்லை. கையில் காசில்லாத ஆரம்பக் கட்டத்தில் அந்த 30 சதவீதம் என்பது லாபத்துக்கும் பட்டினிக்கும் நடுவே இருக்கும் கோடு. கறுப்புச் சந்தையில் விற்றால், அதுவும் கப்பலின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது அடையாளத்தை அறிவிக்கும் கருவியை, எரியவிட்டுக்கொண்டே விற்றால், நீங்கள் யார் என்று துறைமுகத்துக்குத் தெரியும். உடனே ஒன்றும் நடக்காது. சந்தேகம் மட்டும் மெல்ல ஏறும். அப்புறம் ஒரு ரோந்துப் படை உங்களை நிறுத்திச் சரக்கைச் சோதிக்கும். டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டுப் போனால் பெயர் தெரியாது, ஆனால் ரோந்தின் கண்ணில் பட்டால் 'விளக்கைப் போடு' என்று துரத்தி வருவார்கள். ஒரு பொத்தான்தான். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்தின் வாசலிலும் அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இங்கே நான் நானாகப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிறது. தேர்வு என்றால் நீளமான உரையாடலில் நாலு வரிகளில் ஒன்றைச் சொடுக்குவது என்று பழகிப்போன எனக்கு, இது புதிதாக இருந்தது.

அஸ்கோனியா என்ற விண்மீன் மண்டலத்தில், டிக்டாட்டின் எல்லைக்குள், அப்படிக் கடத்திக்கொண்டிருந்தேன். ஒரு ரோந்து நிறுத்தியது. நின்று சோதனைக்கு உட்பட்டிருந்தால் சரக்கு போயிருக்கும், பெயரில் கொஞ்சம் இறங்கியிருக்கும். எனக்கு அப்போது புதிதாக ஒரு க்ரூசர், பெரிய போர்க்கப்பல், கிடைத்திருந்தது. சண்டை போட்டேன். ஜெயித்தேன். அவர்களுடைய இரண்டு கப்பல்களை உடைத்ததில் ஒரு பெருமையும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் அதன் கணக்கு வந்தது. டிக்டாட்டின் தலைமைக் கோளான சிந்திரியாதான் அந்தச் செக்டரின் பெரிய எரிபொருள் உற்பத்தி மையம். எல்லைப்புற மண்டலங்களுக்குத் தேடுதல் பயணம் கிளம்ப வேண்டும் என்றால் தொட்டி நிறைய வேண்டும். சிந்திரியாவின் வாசல் எனக்கு மூடியிருந்தது. மற்ற துறைமுகங்களில் எரிபொருள் இல்லாமல் இல்லை. ஒரு இடத்தில் கொஞ்சம், இன்னொரு இடத்தில் கொஞ்சம், எல்லா இடத்திலும் விலை கூட. ஒருமுறை போதாத எரிபொருளோடு துணிந்து கிளம்பி, திரும்பி வரும் வழியில் ஆளில்லாத மண்டலம் ஒன்றில் தொட்டி காலியாகி நின்றேன். உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பினால் யார் வேண்டுமானாலும் வரலாம், கொள்ளையனும் வரலாம். எனக்கு வந்தது ஒரு சாதாரண வியாபாரக் கப்பல். நான் தப்பிப் பிழைத்ததற்கு அந்த நல்ல மனதுதான் காரணம். கடைசியில் டிரான்ஸ்பாண்டரை அணைத்துக்கொண்டு, ரோந்துகள் விலகும் இடைவெளி பார்த்து, சிந்திரியாவுக்குள்ளேயே இருட்டில் நுழைந்து கறுப்புச் சந்தையில் எரிபொருள் வாங்கினேன். நான் யாரைச் சுட்டேனோ அவர்கள் ஊரிலேயே திருடனைப் போல.

இதில் எந்த இடத்திலும் 'உங்கள் தேர்வு நினைவில் வைக்கப்படும்' என்று கேம் சொல்லவில்லை. டிக்டாட்டிடம் எரிபொருள் இருக்கிறது, எனக்கு எரிபொருள் தேவை, நான் அவர்களோடு சண்டை போட்டேன். மூன்றையும் கேம் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. விளைவு அவற்றின் நடுவே தானாக முளைக்கிறது.

இப்போது வேறு சில கேம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டை நான் விரும்பி ஆடினேன். அதன் கப்பல் வடிவமைப்புப் பகுதியில் மட்டும் நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யுனைடெட் காலனீஸின் வேன்கார்டிலும் சேரலாம், ஒரு காலத்தில் அவர்களோடு போரிட்ட ஃப்ரீஸ்டார் கலெக்டிவின் ரேஞ்சராகவும் ஆகலாம். ஒருவருக்கும் அதில் வருத்தம் இல்லை. கிரிம்சன் ஃப்ளீட் கதையில் மட்டும் கொள்ளையர்களா, அவர்களை ஒடுக்க வந்த சிஸ்டெஃப் படையா என்று கடைசியில் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும். எனக்கு அந்தக் கேமில் நினைவில் நிற்கும் தரப்புக் கதையும் அதுதான். எலீட் டேஞ்சரஸிலும் இதே சங்கடம். ஃபெடரேஷனில் ரியர் அட்மிரல் ஆனால்தான் கார்வெட் கிடைக்கும், எம்பயரில் ட்யூக் ஆனால்தான் கட்டர் கிடைக்கும். ஒரே ஆள் இரண்டு பதவியையும் வாங்கிக்கொண்டு இரண்டு கப்பலையும் வைத்திருக்கலாம். பகைமை பாராட்டும் இரு வல்லரசுகளின் உயர் பதவிகள் ஒரே சட்டைப்பையில். கப்பல்கள் அழகானவை, ஓட்டும்போது ஏற்படும் உணர்வுக்கு ஈடே இல்லை. ஆனால் ஃபெடரேஷனுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2003இல் வந்த ஃப்ரீலான்சர்தான் இந்த ஆசையை எனக்குள் விதைத்தது, அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. லிபர்ட்டி, பிரெட்டோனியா, குசாரி, ரைன்லாந்து என்ற நான்கு நாடுகள், சுற்றிலும் எத்தனையோ கும்பல்கள். ஒரு கும்பலைச் சுட்டால் அவர்களுடைய நண்பர்கள் முறைப்பார்கள், பகைவர்கள் சிரிப்பார்கள். பாரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் காசு கொடுத்தால் கெட்ட பெயர் துடைக்கப்பட்டுவிடும். அதுதான் அதன் பலவீனம். ஆனாலும் மால்டா என்ற கோளில் அவுட்காஸ்ட்டுகள் என்ற கும்பலோடு நல்ல உறவு இருந்தால் திறக்கும் வழிகள், இல்லாவிட்டால் மூடும் வழிகள் என்று பகைக்கு ஒரு வரைபடம் இருந்தது. எந்தப் பாதையில் போகலாம் என்பதே யாரோடு பழகினேன் என்பதைப் பொறுத்திருந்தது.

சரி, ஸ்டார்செக்டருக்குத் திரும்புகிறேன். காலனி அமைக்கும் வசதி 2018இல் வந்தது. 2024இல் வந்த 0.97 பதிப்பு அதன் மேல் காலனி நெருக்கடிகள் என்ற ஒன்றைச் சேர்த்தது. என் கருத்தில் இந்தக் கேமுக்குக் கிடைத்த மிகப் பெரிய மேம்பாடு அது. முன்பு ஹெஜிமனியின் சோதனைப் படையும் பாத்தின் நாசவேலையும்தான் பெரிய தலைவலி. இப்போது ஒவ்வொரு தரப்பும் தன் தன் காரணத்துக்காக வருகிறது. ஏஐ கோர் வைத்தால் ஹெஜிமனி வரும், ஏனென்றால் அவர்கள் ஏஐ போர்களை நடத்தியவர்கள், அந்த அச்சம் அவர்களுக்குள் ஊறியிருக்கிறது. எரிபொருள் ஆலை கட்டினால் டிக்டாட் வரும், ஏனென்றால் அவர்கள் பிழைப்பே அதில் இருக்கிறது. நான் வளர்ந்துகொண்டே போனால் பெர்சீயன் லீக் வந்து முற்றுகையிட்டு, எங்களோடு சேர்ந்துகொள் என்று சொல்லும். ட்ரை-டாக்கியானின் சந்தையில் கைவைத்தால் அவர்கள் கூலிக்கு ஆள் வைத்து என் வியாபாரக் கப்பல்களை அடிப்பார்கள்.

கவனித்தால், இவர்கள் யாரும் என்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. நல்லவன், கெட்டவன் என்ற மீட்டரே இந்தக் கேமில் கிடையாது. டிக்டாட் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை, ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன் என்றும் தோன்றியது. எதிராளியின் கோபத்தை இப்படிப் புரிந்துகொண்டே அவனோடு மோதும் அனுபவத்தைக் கேம்கள் எனக்கு அரிதாகவே கொடுத்திருக்கின்றன.

சோதனைப் படைக்கு வருகிறேன். முதல் தடவை லஞ்சம் கொடுத்தேன். சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டாவது தடவை, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த மாலையில், எதிர்த்து நிற்பது என்று முடிவு செய்தேன். விரட்டியும்விட்டேன். அதன் பிறகு ஹெஜிமனியோடு பகை. பகை என்றால் சண்டை மட்டும் இல்லை. என் காலனியின் பொருட்கள் போய்ச் சேரும் சந்தைகள் சுருங்கின. கப்பல்களுக்கும் தொழிலுக்கும் செலவு அப்படியே இருக்க, வருமானம் மட்டும் இறங்கியது. கோர்களைக் காப்பாற்ற நடத்திய சண்டையில், கோர்கள் சம்பாதித்துக் கொடுத்ததில் பெரும்பகுதியை இழந்தேன். நோட்டில் போட்ட கணக்கில் இதை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. காலனியின் நிர்வாகத்தையே ஓர் ஆல்ஃபா கோரிடம், ஏஐ கோர்களில் மிக உயர்ந்த வகையிடம், கொடுத்திருந்தேன். அது எந்த மனித அதிகாரியையும்விட நன்றாக நிர்வகித்தது. ஹெஜிமனியோடு சமாதானம் ஆகலாம் என்று நினைத்து அதை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, இத்தனை காலம் பொறுப்பில் இருந்த கோர் அவ்வளவு சுலபமாக விலகாது, விலக்கினால் காலனியின் ஸ்திரத்தன்மையே ஆட்டம் காணும் என்று. அந்த உரையாடலைப் படித்துவிட்டு வெகுநேரம் எதையும் சொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஹெஜிமனி எதற்குப் பயப்பட்டதோ அதை நான் என் வீட்டுக்குள்ளேயே வளர்த்திருக்கிறேன். ஒரு தரப்பின் கொள்கை சரிதானோ என்று, அவர்கள் பேச்சைக் கேட்டு அல்ல, என் கையால் செய்த காரியத்தைப் பார்த்து நினைக்க வைத்தது. கதைப்போக்கில் விளைவு என்று நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இந்த அளவுக்கு என்னைத் தொட்ட வேறொரு இடம் என்றால் மாஸ் எஃபெக்ட் 3இல் வரும் ரனோக் என்ற கோள். குவேரியன்கள் என்ற இனத்துக்கும் அவர்கள் படைத்த கெத்துகள் என்ற இயந்திரங்களுக்கும் நடுவே சமாதானம் செய்ய முடியுமா என்பது அந்த இடத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. இரண்டாம் பாகத்தில் குவேரியன் தோழி டாலியின் விசாரணையில் என்ன செய்தேன், லீஜியன் என்ற கெத் உயிரோடு இருக்கிறானா என்பதெல்லாம் அங்கே வந்து எண்ணப்படும். அது எழுத்தாளர்கள் கவனமாகக் கட்டிய பாதை, ஒருமுறைதான் நடக்க முடியும். ஸ்டார்செக்டரில் அப்படிச் செதுக்கிய தருணங்கள் குறைவு. அதன் விளைவுகள் வியாபாரத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் வருகின்றன. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மறுபடி மறுபடி திரும்பிப் போவது இரண்டாவதுக்குத்தான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

கெட்டுப்போன பெயரை மீட்பது சில நேரம் மிகச் சுலபம். பாழடைந்த இடங்களில் கண்டெடுக்கும் ஏஐ கோர்களைத் தரப்புகளின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தால் பெயர் ஏறும். ஹெஜிமனியிடம் கொடுத்தால் பெயர் நிறைய, ட்ரை-டாக்கியானிடம் கொடுத்தால் பணம் நிறைய. இந்த வேறுபாடு அருமையான யோசனை. ஆனால் ஒரு நல்ல தேடுதல் பயணம் முடித்து வந்தால் மூட்டை நிறைய கோர்கள் இருக்கும், வருடக்கணக்கான பகை கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். ஃப்ரீலான்சரின் பார் ஆள் வேறு உருவத்தில் வந்துவிட்டான் என்று தோன்றும்.

இதைவிடப் பெரிய குறை, தரப்புகள் ஒருவரோடு ஒருவர் போர் தொடுக்கிறார்கள், சமாதானம் ஆகிறார்கள், ஆனால் வரைபடம் மாறுவதில்லை. ஹெஜிமனி லீக்கின் கோளைப் பிடித்துக்கொண்டது என்ற செய்தி ஒருநாளும் வராது. நெக்ஸரெலின் என்ற மாட், அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் தொகுப்பு, போட்டால் தரப்புகள் கோள்களைக் கைப்பற்றும், கூட்டணி அமைக்கும். பலர் அது இல்லாமல் ஆடுவதே இல்லை. நான் இரண்டு விதமாகவும் ஆடியிருக்கிறேன். மாட் இல்லாத ஆட்டத்தில் என் செயல்களின் எடை என் மேல்தான் விழுகிறது, உலகத்தின் மேல் அதிகம் விழுவதில்லை.

அந்த இடத்தில் எக்ஸ்4: ஃபவுண்டேஷன்ஸ் முன்னால் நிற்கிறது. 2018இல் வந்த அந்தக் கேமில் ஒவ்வொரு கப்பலும் உண்மையான பொருட்களால் கட்டப்பட வேண்டும். போரில் இருக்கும் ஒரு தரப்பின் கப்பல் தளத்துக்கு நான் கப்பல் உடற்பாகங்களைத் தொடர்ந்து விற்றால் அவர்களுடைய படை பெருகும், எல்லை நகரும். நான் விற்பதை நிறுத்தினால் நாளடைவில் அவர்கள் மெலிவார்கள். உறவு அளவு அங்கே -30 முதல் +30 வரை, அது ஏறினால் உரிமங்கள் கிடைக்கும் என்பதெல்லாம் இருக்கட்டும். யாருக்கு விற்கிறேன் என்பதே யாருக்கு ஆதரவு என்பது ஆகிவிடுகிறது. ஆனால் அங்கே மனிதர்களின் பேச்சு தட்டையானது. கோபம் இருக்கிறது, கோபப்படுபவரின் முகம் இல்லை.

பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ஈவ் ஆன்லைனை இந்த ஒப்பீட்டில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அங்கே தரப்புகளே மனிதர்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த பெரும்போர், அந்த இடத்துக்கான உரிமைக் கட்டணம் நேரத்துக்குக் கட்டப்படாமல் போனதில் தொடங்கியது. அந்தக் கேமின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 70க்கும் மேல் அழிந்தன. ஒரு கட்டணம் தவறியதற்கு அவ்வளவு பெரிய விளைவை எந்த எழுத்தாளரும் எழுதி வைக்க முடியாது. தனியாக ஆடும் கேமில் அதன் நிழலாவது விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஸ்டார்செக்டரின் இன்னொரு பிரச்சினை பிந்தைய கட்டத்தில் வருகிறது. படை போதுமான அளவு பெருத்துவிட்டால் எல்லா நெருக்கடிக்கும் ஒரே பதில் போதும், போய் அடித்துவிடலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு கோளின் மேல் முழு அழிவுக் குண்டுவீச்சு நடத்தும் வாய்ப்பு இருக்கிறது. அதற்குக் குண்டாகப் பயன்படுவது உங்கள் தொட்டியில் இருக்கும் அதே எரிபொருள். செய்தால் அந்தக் கோளின் சொந்தக்காரர்கள் மட்டும் இல்லை, அதோடு சம்பந்தமே இல்லாத தரப்புகளும் உங்களை வெறுக்கும். அந்தப் பொத்தானை நான் ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அழுத்த முடியும் என்று தெரிந்திருப்பதே அங்கே வாழும் மக்களை எனக்கு நிஜமாக்கியது.

யாருக்குப் பிடிக்கும்? கணக்குப் பார்ப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். சண்டைப் பகுதி ஆரம்பத்தில் கடினம். கப்பலின் கேடயத்தை எப்போது உயர்த்துவது, எப்போது இறக்குவது என்று கைப்பழக்கம் வர எனக்குப் பல நாட்கள் ஆயின. சினிமா போன்ற காட்சிகளும் குரல் நடிப்பும் எதிர்பார்ப்பவர்கள் மாஸ் எஃபெக்ட் பக்கம் போவது நல்லது. புதிதாக ஆடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன், முதல் ஆட்டத்தில் ஒரு தரப்பிடம் கமிஷன் (பணி நியமனம்) வாங்கி அவர்களுக்காக வேலை செய்யுங்கள். மாதச் சம்பளம் வரும், கூடவே அவர்களுடைய பகைவர்கள் எல்லாம் உங்கள் பகைவர்கள் ஆவார்கள். நீங்கள் தொடங்காத ஒரு போரில், நேற்றுவரை உங்களுக்குச் சரக்கு விற்ற துறைமுகம் இன்று உங்களைச் சுடும். இந்தக் கேமின் ருசி அங்கேதான் தெரிய ஆரம்பிக்கும்.

என் இப்போதைய ஆட்டத்தில் காலனிக்கு மூன்று வயது ஆகிறது. இந்தத் தடவை கோர் எதையும் பொருத்தவில்லை, மனித நிர்வாகி ஒருவரை வைத்திருக்கிறேன், வருமானம் சுமார்தான். சரக்குக் கிடங்கில் மட்டும் ஓர் ஆல்ஃபா கோர் கிடக்கிறது. எரிபொருள் ஆலை கட்டப் பணம் சேர்ந்துவிட்டது. கட்டினால் டிக்டாட் வருவார்கள் என்று தெரியும். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இந்தத் தடவை சந்தை இழப்பை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.